விளம்பரப் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பேப்பர் இங்கே கடையில் கிடைக்காது, காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு போனில் படிப்பதுதான் வழக்கம். போன வாரம் ஒரு அறிவிப்பு போட்டிருந்தீர்கள். உங்கள் குழுமத்தின் வார இதழ், பெண்கள் இதழ், ஆன்மிக இதழ் எல்லாவற்றிலும் வேலை செய்யும் பத்திரிகையாளர்களுக்கு ஒரு நெறிமுறை எழுதப் போகிறோம், வாசகர்கள் கருத்துச் சொல்லலாம் என்று. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நிருபர்கள், உதவி ஆசிரியர்கள், புகைப்படக்காரர்கள் என்று மூன்று தரப்பைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். விளம்பரப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவள் யார் இதைச் சொல்ல என்று தோன்றும். நான் திருநெல்வேலிப் பக்கம். 2001-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். பதினோரு வருடம் ஒரு சின்ன பத்திரிகை நிறுவனத்தில் மெய்ப்பு பார்த்தேன், அதாவது அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்தினேன். கல்யாண இதழ், சமையல் இதழ், பெண்கள் மாத இதழ் என்று மூன்று. எல்லாம் ஆங்கிலம், ஆனால் வாங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். 2020 கொரோனா இங்கே மாத இதழ்களை அப்படியே சாய்த்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் அசோசியேட்டட் மீடியா பப்ளிஷிங் மூடியது, அதே மாதம் காக்ஸ்டன் தன் மாத இதழ்களைக் கைவிடுவதாகச் சொன்னது, ஜூலையில் மீடியா24 சில இதழ்களை மூடுவதாகவும் சிலவற்றை விற்பதாகவும் அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கதி என்றால் எங்கள் மாதிரி சின்ன இடம் எப்படித் தாங்கும்? அதே வருடம் எங்களுடையதும் போனது. இப்போது எந்தப் பத்திரிகையிலும் நான் சம்பளம் வாங்கவில்லை, வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாதம் பெண்கள் இதழில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஒரு முகக் கிரீம் பற்றியது. கட்டுரை என்றுதான் வந்தது; மற்ற கட்டுரைகளுக்கு என்ன எழுத்துருவோ அதே எழுத்துரு, அதே பத்தி அகலம், தலைப்புக்குக் கீழே 'எங்கள் நிருபர்'. ஒரு வாசகியின் அனுபவம் மாதிரி எழுதியிருந்தது: கறுப்பாக இருந்ததால் பெண் பார்க்க வந்தவர்கள் தட்டிக் கழித்தார்கள், இந்தக் கிரீமை ஆறு வாரம் பூசினேன், இப்போது நிச்சயமாகிவிட்டது. பக்கத்திலேயே முன்னும் பின்னும் என்று இரண்டு முகப் படங்கள். மெய்ப்பு பார்க்கிறவளுக்குக் கண் எப்போதும் சின்ன விஷயத்தில்தான் போகும். இரண்டு படத்திலும் இடது காதில் அதே தோடு, அது அதே கோணத்தில் திரும்பியிருந்தது. கழுத்துப் பக்கம் சட்டை மடிந்திருந்த மடிப்பும் அதேதான். ஒரே படத்தில் வெளிச்சத்தைக் கூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் எழுந்துபோய் உதவி ஆசிரியரிடம் காட்டினேன். அந்தப் பெண் நல்ல பெண், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கஷ்டப்பட்டவள். பார்த்தாள், அவளுக்கும் புரிந்தது. "அது நம்ம பக்கம் இல்லக்கா, விளம்பர மேனேஜர் கொடுத்தது, அதுல நாம கை வைக்க முடியாது" என்றாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்து, விட்டுப்போயிருந்த இரண்டு காற்புள்ளிகளைப் போட்டு, ஓரத்தில் என் முதலெழுத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த முதலெழுத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஏழெட்டு வாரம் கழிந்திருக்கும். வெள்ளிக்கிழமை கோயிலில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமி என்னைத் தூண் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கன்னத்திலும் சந்தனம் அப்பியிருந்தது. வேண்டுதலோ என்று நினைத்தேன். முந்தானையால் துடைத்துக் காட்டினார். கன்ன எலும்பின் மேல் தோல் சிவந்து, ஓரமெல்லாம் நீலம் பாய்ந்த மாதிரி கறுத்திருந்தது. அவருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும்; மகள் கல்யாண போட்டோவில் கொஞ்சம் பளிச்சென்று தெரியவேண்டும் என்ற ஆசை, வேறொன்றும் இல்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். எங்கள் இதழிலிருந்து வெட்டியது. "நீ வேலை பார்க்கிற புக்குல போட்டிருந்துச்சேம்மா, விளம்பரம்னா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இது ஸ்டீராய்டும், தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனமும் கலந்த சரக்காக இருக்கும் என்று சொன்னாராம். இதில் இன்னும் மனதைச் சுடுவது என்ன தெரியுமா? முகப்பூச்சுகளில் ஹைட்ரோகுவினோன் கூடாது, தோலை வெளுப்பாக்கும் என்று சொல்லி விற்கவும் கூடாது என்று 1990-லேயே சட்டவிதி கொண்டுவந்த நாடு இது, உலகத்திலேயே முதலில் கொண்டுவந்ததும் இதுதான். அதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் இங்கே பெரிய பெரிய மாத இதழ்களில் வெளுப்புக் கிரீம் விளம்பரம் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் முகம் முகமாகக் கெட்டுப்போன பிறகு தோல் மருத்துவர்களும் பொதுமக்களும் போராடித்தான் அந்த விதி வந்தது. வந்தும் முழுசாக ஒழியவில்லை. டர்பனில் ஆப்பிரிக்க, இந்திய வம்சாவளிப் பெண்கள் 600 பேரிடம் கேட்டு 2015-ல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த மாதிரிக் கிரீம் பூசியதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த ஊரில், விளம்பரமாகப் போட முடியாத ஒன்றைக் கட்டுரை வேஷம் போட்டு எங்கள் இதழ் உள்ளே விட்டது. அதை எழுதியது எந்த நிருபரும் இல்லை. ஆகவே நிருபருக்கு மட்டும் நெறிமுறை இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை அது தொட்டிருக்கவே முடியாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

திருத்தம் போட்டார்களா என்று கேட்பீர்கள். போட்டார்கள். மூன்று மாதம் கழித்து, ராசிபலன் முடியும் பக்கத்தின் அடியில், குறுக்கெழுத்து விடைகளுக்குப் பக்கத்தில், ஐந்து வரி. 'சில வாசகிகளுக்கு ஒவ்வாமை ஏற்படலாம், மருத்துவரைக் கலந்து பயன்படுத்தவும்.' கட்டுரை பணம் வாங்கிப் போட்டது என்று அதில் இல்லை. படம் பொய் என்று இல்லை. மாமி அதைப் பார்க்கவே இல்லை, நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். இங்கே பத்திரிகைகள் மேல் வரும் புகார்களை விசாரிக்க பிரஸ் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது, புகார் கொடுக்கக் காசு கிடையாது, ஆனால் வெளியான நாளிலிருந்து 20 வேலைநாளுக்குள் கொடுக்கவேண்டும். அவருக்கு முகம் புண்ணாகி, ஆஸ்பத்திரி அலைந்து, அது கிரீமால் வந்தது என்று தெரிவதற்குள்ளேயே அந்தக் கெடு போய்விட்டது. தயவுசெய்து உங்கள் நெறிமுறையில் நாள் கணக்கு வைப்பதாக இருந்தால், உடம்புக்குக் கெடுதல் வந்த புகார்களுக்கு அந்தக் கணக்கை வைக்காதீர்கள். மாத இதழ் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு வருடம் கிடக்கும், பாட்டி தலைமாட்டில் அதற்கு மேலும் கிடக்கும்.

இங்குள்ள பத்திரிகை நெறிமுறை எழுத்தளவில் நன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரமும் செய்தியும் தெளிவாகப் பிரிந்து தெரியவேண்டும், செய்தி சேகரிக்க வெளியார் செலவு செய்திருந்தால் அதைச் சொல்லவேண்டும், எழுதுவதைப் பாதிக்கக்கூடிய எந்தச் சலுகையையும் வாங்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, துக்கத்தில் இருப்பவர்களின் மரியாதையையும் இறந்தவர்களுக்குக் காட்டும் மரியாதையையும் இந்த நாட்டு மக்களின் வழக்கப்படி மதிக்கவேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எழவு வீட்டு வாசலில் கேமராவை நீட்டி, அழுகிற தாயிடம் என்ன தோன்றுகிறது என்று கேட்பதைத் தமிழ்ச் சேனல்களில் பார்த்துப் பார்த்து நெஞ்சு கொதிக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரைக்குமாவது அந்த வீட்டை விட்டுவைக்கக் கூடாதா?

மறுபடி விளம்பரத்துக்கு வருகிறேன். இந்தியாவில் இது புதுசு கிடையாது, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு செய்தியாகவே போட்டார்கள் என்று புகார் கிளம்பி, இந்தியப் பத்திரிகை கவுன்சில் இரண்டு பேர் குழு போட்டு விசாரித்தது. பத்திரிகைகளின் பெயர்கள் இருந்த அந்த நீண்ட அறிக்கையை 2010-ல் முழுசாக வெளியிடாமல் சுருக்கமாகத்தான் கொடுத்தார்கள். அடுத்த வருடம்தான் முழுசும் வெளியே வந்தது. கவுன்சிலாலும் கண்டிக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. அந்த விவகாரத்திலும் பேரம் பேசினது சின்ன நிருபர்கள் மட்டும் என்று யாராவது சொல்வார்களா? நிர்வாகமே விலை போட்டு விற்றது என்பதுதான் அன்றைக்குப் பெரிய புகாராக இருந்தது.

கவர் விஷயமும் அப்படித்தான். பிரஸ் மீட் முடிந்ததும் காசு வைத்துக் கையில் திணிக்கிற கவரைப் பற்றி எல்லோரும் நிருபரைத்தான் குறை சொல்கிறார்கள். வாங்குவது தப்புதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு செய்திக்கு இவ்வளவு என்று சொற்பமாகக் கொடுத்து, பெட்ரோலையும் அவர் தலையிலேயே கட்டி, அப்புறம் 'கவர் வாங்காதே' என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டால், அந்தத் தாளால் யாருக்கு என்ன பிரயோஜனம்? எங்கள் ஆபீஸில் தீபாவளிக்கு விளம்பரம் கொடுப்பவர்களிடமிருந்து பரிசுகள் வரும். நிருபர்களுக்கு இனிப்பு டப்பா, விளம்பர மேனேஜருக்கு ஹோட்டலில் இரண்டு நாள் தங்கும் கூப்பன். நிருபர் வாங்கிய டப்பாவை நோட்டில் எழுதிவைக்கச் சொன்னார்கள். கூப்பனை எந்த நோட்டிலும் நான் பார்க்கவில்லை.

இரண்டு பெரிய சம்பவங்களையும் சொல்கிறேன், இரண்டும் இங்கே நடந்தவை. சண்டே டைம்ஸ் என்பது இந்த நாட்டின் பெரிய ஞாயிறு இதழ். 2011-ல் எங்கள் டர்பன் கேட்டோ மேனர் போலீஸ் பிரிவைக் கொலைகாரப் படை என்று எழுதினார்கள். அந்தப் பிரிவே கலைக்கப்பட்டது, அதிகாரிகள் மேல் வழக்கு வந்தது, 2019-ல் அந்தக் குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பே திரும்பப் பெற்றது. அதற்கு முந்தைய வருடமே, 2018-ல், அந்த இதழ் இதற்கும் வருமான வரித்துறை பற்றி எழுதிய வேறு செய்திகளுக்கும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, அவற்றுக்காக வாங்கிய பரிசுகளையும் பணத்தையும் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது. பிறகு பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி கேத்தி சாட்ச்வெல் தலைமையில் ஒரு குழு போட்டது. 2021-ல் வந்த அவர்கள் அறிக்கை செய்தி எழுதினவர்களோடு நிற்கவில்லை. அதைச் சரிபார்த்துக் கேள்வி கேட்க வேண்டிய மேல்மட்டம் எங்கே தவறியது என்றும் பார்த்தது. அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

இன்னொன்று அதே 2021 ஜூனில். ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் பத்துக் குழந்தை என்று பிரிட்டோரியா நியூஸ் போட்டது, உலகமெல்லாம் அதை எடுத்துப் போட்டது, இங்கே வாட்ஸப்பில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு நாலு தரம் அனுப்பினார்கள். அப்படி ஒரு பிரசவம் எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவாகவில்லை என்று மாகாண அரசு சொல்லிவிட்டது. அந்தப் பத்திரிகைக் குழுமம் 2016-லேயே பிரஸ் கவுன்சிலை விட்டு விலகி, தனக்குத்தானே ஒரு புகார் அதிகாரியை வைத்துக்கொண்டிருந்தது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி, சம்பளம் கொடுக்கிற இடத்தைப் பற்றி வருகிற புகாரை அவரே விசாரித்தால் வாசகருக்கு நம்பிக்கை வராது. உங்கள் குழுமம் புகார் கேட்க ஒருவரை வைப்பதாக இருந்தால் வெளியாளாக வையுங்கள். ஓய்வு பெற்ற நீதிபதியோ, ஊரில் பெயர் எடுத்த தலைமையாசிரியரோ, யாராக இருந்தாலும் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். அவர் கூப்பிட்டால் விளம்பர மேலாளரும் வந்து பதில் சொல்லவேண்டும், முதலாளியும் வந்து பதில் சொல்லவேண்டும்.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஃபீனிக்ஸ் ஆசிரமம் இருக்கிறது. காந்தி 1903-ல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' அடுத்த வருடம் அங்கேதான் குடிபோனது. முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழியில் வந்தது. தமிழையும் இந்தியையும் ஒழுங்காகக் கொண்டுவர ஆள் இல்லை என்று 1906-ல் வாசகரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். தமிழச்சியாக எனக்கு அது வருத்தம்தான், ஆனாலும் சொல்லிவிட்டு நிறுத்தினார்களே, அந்த நேர்மை பிடிக்கும். 1912-ல் விளம்பரம் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். அது ஒரு போராட்டத்துக்காக நடந்த பத்திரிகை, தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தார்கள். இன்றைக்கு ஒரு இதழ் அப்படி இருக்க முடியாது, அச்சுக்கூலியும் காகித விலையும் எனக்குத் தெரியும், விளம்பரம் நின்றால் என்ன ஆகும் என்பதை 2020-ல் என் வீட்டு அடுப்பிலேயே பார்த்துவிட்டேன்.

ஆகவே காசு வாங்குங்கள், ஆனால் வாங்கியதை வாசகரிடம் சொல்லுங்கள். பக்கத்தின் மேலே, தலைப்பு எந்த அளவோ அந்த அளவில், 'இது விளம்பரம்' என்று நேரான தமிழில் போடுங்கள். 'சிறப்புப் பகுதி', 'வணிக வீதி', 'ஸ்பான்சர்டு ஃபீச்சர்' என்று ஓரத்தில் எறும்பு மாதிரி எழுதுவது வேண்டாம், என் மாமியார் மாதிரி எழுபது வயதுக்காரர் கண்ணாடி போடாமலே பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். எழுத்துருவும் வேறாக இருக்கட்டும். 'எங்கள் நிருபர்' என்ற பெயரில் விளம்பரப் பிரிவு எழுதக் கூடாது. தான் எழுதாததில் தன் பெயரைப் போடாதே என்று சொல்லும் உரிமை ஒரு நிருபருக்கு இருக்கவேண்டும், அப்படிச் சொன்னதற்காக அவர் வேலை போகாது என்றும் நெறிமுறையிலேயே இருக்கவேண்டும். ஆரோக்கியப் பக்கத்தில் எழுதும் டாக்டருக்குச் சொந்தமாக கிளினிக் இருந்தால், அதைப் பற்றியே எழுதுகிறார் என்றால், அதையும் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். திருத்தம் போடுவதென்றால் தப்பு வந்த பக்கத்திலேயே போடுங்கள். இணையத்தில் சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டுப் போகாமல், எந்தத் தேதியில் என்ன மாற்றினோம் என்று அடியில் எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கேட்பதற்குத்தான் மெய்ப்பு பார்த்தவள் என்ற முறையில் எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். பொய்யான பக்கத்தை முதலில் கண்ணால் பார்க்கிறவர்கள் பல நேரம் கடைசி மேஜையில் இருப்பவர்கள்தான்: மெய்ப்பு பார்ப்பவர், பக்கம் வடிவமைக்கிற பையன், படத்தில் வெளிச்சம் கூட்டச் சொல்லப்பட்ட பெண். அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் அந்த நெறிமுறையில் இருக்கட்டும். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு நம்பர் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

மாமி இப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். கன்னத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. மகள் கல்யாண ஆல்பத்தில் அவர் இருக்கும் படங்கள் எல்லாவற்றிலும் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டுதான் நிற்கிறார்.

இடம் போதாவிட்டால் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் விளம்பரப் பிரிவு பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மாமியிடம் கேட்டு வாங்கிய அந்தத் தாளின் நகலை, இதழின் பெயரையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் மறைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். தோடு மட்டும் தெரியும். நெறிமுறை எழுத உட்காரும் அன்றைக்கு உங்கள் விளம்பர மேலாளரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் அவர் கையில் இதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம்)
சாட்ஸ்வொர்த், டர்பன்